முன் ஆக்சிலை மாற்றுமுன்: பழைய ஃபோர் வீல் வண்டிக்காரருக்கு ஒரு விளக்கம்

செங்கல்பட்டிலோ மாமல்லபுரம் பக்கமோ உங்களிடம் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2010-க்கும் 2020-க்கும் இடையில் விற்ற மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. ஆக இருக்கலாம். பழைய ஸ்கார்பியோ ஃபோர் வீலாகவும் இருக்கலாம். "முன்னாடி சாலிட் ஆக்சில் போட்டுடுங்க சார், வண்டி எங்க வேணாலும் ஏறும்" என்று நண்பரோ பட்டறைக்காரரோ சொல்லியிருப்பார். செய்யலாமா, வேண்டாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆக்சிலைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையில் சிறிய பகுதி. உங்களுக்கு அது உண்மையிலேயே தேவையா, சட்டம் விடுமா, அளவுகள் பொருந்துமா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாலிட் ஆக்சில் என்றால் என்ன?

சாலிட் ஆக்சில் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே முழு அச்சு) என்பது ஒரு கனத்த இரும்புக் குழாய். அதன் இரு முனையிலும் சக்கரங்கள். இடையில் ஓர் உருண்டை. அந்த உருண்டைக்குள் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும். ஒரு பக்கச் சக்கரம் கல்லின் மேல் ஏறினால் மொத்த அச்சும் சாயும். மறுபக்கச் சக்கரம் கீழே அழுத்தப்பட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மாற்று, இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு). இதில் டிஃபரன்ஷியல் உருண்டை சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு குட்டை ஷாஃப்ட்டுகள் சக்கரங்களுக்குப் போகும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றது அதை அவ்வளவாக உணராது. தார் ரோட்டில் சொகுசு இதில்தான்.

என் வண்டியில் எது இருக்கிறது?

முன் பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள். சக்கரத்துக்குச் சக்கரம் ஒரே இரும்புக் குழாய் போனால் சாலிட் ஆக்சில். ரப்பர் உறை போட்ட இரண்டு தனி ஷாஃப்ட்டுகள் தெரிந்தால் இன்டிபெண்டன்ட்.

வில்லிஸ் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்புகள், எம்.எம்.540, மாருதி ஜிப்ஸி ஆகியவற்றில் முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், பட்டை ஸ்பிரிங். பழைய தாரில் இரண்டு வகை உண்டு. டி.ஐ. வகைக்கு முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங், சாலிட் ஆக்சில். சி.ஆர்.டி.இ. வகைக்கு முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு) வைத்த இன்டிபெண்டன்ட் அமைப்பு. பின்பக்கம் மட்டும் சாலிட். இனி இந்தக் கட்டுரையில் 'மாற்றம்' என்றால், இப்படி முன்பக்கம் இன்டிபெண்டன்ட்டாக உள்ள வண்டியைச் சாலிட் ஆக்சிலுக்கு மாற்றுவதைத்தான் சொல்கிறேன்.

இதை ஏன் செய்கிறார்கள்?

மூன்று காரணங்கள். முதலாவது, சக்கரத்தின் ஏற்ற இறக்கம். பாறையும் குழியுமான இடத்தில் சாலிட் ஆக்சில் வண்டியின் நான்கு சக்கரமும் அதிக நேரம் தரையைத் தொட்டிருக்கும். சக்கரம் காற்றில் தொங்கினால் இழுவை போய்விடும்.

இரண்டாவது, அடிப்பக்க உயரம். இன்டிபெண்டன்ட் வண்டி ஒரு பள்ளத்தில் தொப்பென்று இறங்கும்போது சேசிஸோடு உருண்டையும் தரையை நோக்கி இறங்கும். சாலிட் ஆக்சிலில் உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயரின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினாலும் அது மாறாது.

மூன்றாவது, வண்டியை உயர்த்தும் ஆசை. டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கினால் குட்டை ஷாஃப்ட்டுகள் அதிகக் கோணத்தில் வேலை செய்யும். ரப்பர் உறை கிழியும், மண் உள்ளே போகும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும். இதில் அலுத்துப்போனவர்கள்தான் பெரும்பாலும் சாலிட் ஆக்சிலைத் தேடுகிறார்கள்.

அப்படியென்றால் எனக்கும் அது நல்லதுதானே?

நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோடு, கிழக்குக் கடற்கரைச் சாலை, திருக்கழுக்குன்றம் வழி, ஏரிக்கரை மண்பாதை, மழைக்காலத்துச் சேறு. இந்தப் பக்கத்து வண்டி ஓடும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். தார் ரோட்டில் சாலிட் ஆக்சில் உங்களுக்கு நஷ்டம். கனம் கூடும், ஒரு சக்கரத்தின் குலுக்கல் மறு சக்கரத்துக்கும் போகும், வேகத்தில் ஸ்டியரிங்கின் நிதானம் குறையும்.

சேற்றிலும் மணலிலும் வண்டியைக் காப்பாற்றுபவை வேறு: நல்ல டயர், குறைத்த காற்றழுத்தம், டிஃப் லாக் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுழல வைக்கும் பூட்டு), நிதானமான கால். ஆக்சிலின் வகை அங்கே பின்வரிசைக்குப் போய்விடுகிறது. பாறைதான் அதன் களம். பாறை ஏறுவது உங்கள் வழக்கம் இல்லையென்றால் இந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

ஒரு சான்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமான மஹிந்திரா ரிசர்ச் வேலி, செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில்தான் உள்ளது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தாரில், எல்லாவற்றையும் புதிதாக வரைய வாய்ப்பிருந்தும், முன்பக்கத்தை இன்டிபெண்டன்ட்டாகவே வைத்தார்கள். காயில் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். பின்பக்கம் சாலிட் ஆக்சிலை விடவில்லை. ரோட்டிலும் காட்டிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இந்தக் கலவை போதும் என்பது அந்த வடிவமைப்பிலேயே தெரிகிறது.

கடற்கரை மணலில் ஓட்டத்தான் கேட்கிறேன் என்றால்?

முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டியும் உள்ள கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்கு உச்சப் பாதுகாப்புத் தருகிறது. டயர் மணலை அமுக்கினால் கீழே உள்ள முட்டைகள் கெடும். டயர் விட்டுப்போன பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் மணல்மேடுகளைக் கலைப்பதைத் தடுக்கின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதி பாதுகாப்பு வளையத்துக்குள் வருகிறது. அங்கே வண்டியோடு திரிய முடியாது.

சொந்தத் தோப்பிலோ அனுமதி பெற்ற இடத்திலோ மணலில் ஓட்ட வேண்டியிருந்தால், டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.-யிலிருந்து 16, 18-க்கு இறக்கிப் பாருங்கள். டயர் அகலமாகப் படிந்து மிதக்கும். இதற்குச் செலவு இல்லை. வெளியே வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலருடைய திட்டம் நின்றுபோகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அது 'மாற்றம்' என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது.

அதே 2019-இல் வந்த திருத்தம் 182-ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலிட் ஆக்சில், புதிய ஸ்டியரிங் பாக்ஸ், உயர்த்திய ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் தனி மாற்றமாக எண்ண அதில் இடமுண்டு.

"யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?"

மூன்று பேர் பார்ப்பார்கள். முதலாமவர் பிரேக் இன்ஸ்பெக்டர். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி.-யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டித்தான் ஆக வேண்டும். 2010-இல் வாங்கிய தாருக்கு அந்தக் கெடு 2025-இலேயே வந்துவிட்டது. அதாவது இப்போது மாற்ற நினைக்கும் வண்டிகள்தான் இப்போது சோதனைக்கும் போகின்றன.

இரண்டாமவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்துக்குப் பிறகு வண்டியின் அடியைப் பார்த்துப் படம் எடுப்பவர் அவர். சொல்லாமல் செய்த மாற்றம் தெரிந்தால் உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கும். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்கவும் வழி பிறக்கும். சாதாரண விபத்து ஒன்று உங்கள் வீட்டையே அசைத்துவிடலாம். என் கணக்கில், அபராதத்தைவிட அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

மூன்றாமவர், நாளை உங்கள் வண்டியை வாங்க வருபவர். விவரம் தெரிந்தவர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்று போய்விடுவார்.

ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறதே, அங்கே ஒப்புதல் வாங்கலாமா?

ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் தயாரிப்பாளர்களின் மாடல்களையும் உதிரிகளையும் சோதித்துச் சான்று தருகிற இடம். பட்டறையில் மாற்றிய ஒற்றை வண்டிக்கு அந்த வழி நடைமுறைக்கு ஒத்துவராது. "சர்ட்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், எந்த விதியின் கீழ், யார் கையெழுத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் (டி.என். 19) மனு எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

பிறகு யாருக்குத்தான் இந்த விவரங்கள் பயன்படும்?

மூன்று வகையினர். ஒன்று, ஏற்கெனவே சாலிட் ஆக்சிலோடு பிறந்த வண்டியை வைத்திருப்பவர். எம்.எம்.540-இன் தேய்ந்த முன் ஆக்சிலை எடுத்துவிட்டு அதே மாடலின் நல்ல ஆக்சிலை மாட்டுவது பழுதுபார்ப்பு. பில் இருந்தால் போதும்.

இரண்டு, பொது ரோட்டுக்கே வராத வண்டி. முழுக்க வேலியிட்ட சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடுவது, அல்லது போட்டிக்கென்றே கட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது. 2014 முதல் கோவாவில் நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் இறங்கும் வண்டிகள் பல இந்த ரகம்.

மூன்று, மாற்றம் செய்த வண்டியைத் தெரியாமல் வாங்கிவிட்டவர், அல்லது வாங்கப் போகிறவர். வேலை எவ்வளவு பாதுகாப்பாக நடந்திருக்கிறது என்று எடைபோட அவருக்கும் கீழே உள்ள விஷயங்கள் தேவை.

சரி, திட்டம் எங்கே தொடங்குகிறது?

சேசிஸில். புதிய ஆக்சிலின் முழு பாரமும் சேசிஸில் வெல்டு வைக்கும் பிராக்கெட்டுகளில்தான் இறங்கப்போகிறது. கடலோர வண்டிகளின் சேசிஸ் வெளியே பெயின்ட்டோடு பளபளக்கும், உள்ளே துருப்பிடித்திருக்கும். பெட்டி வடிவ இரும்புக்குள் உப்புக்காற்றும் ஈரமும் போய்த் தங்குவதே காரணம்.

ஒரு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள் மூன்றையும் விடாதீர்கள். உள்ளே இறங்கினால் திட்டம் அங்கேயே முடிந்தது. துருப்பிடித்த இரும்பில் வெல்டு நிற்காது.

எந்த ஆக்சிலைத் தேடுவது?

நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும். முதலில் அகலம். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை அளந்து, உங்கள் பின் ஆக்சிலோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் ரொம்ப ஒடுங்கினால் வண்டி திருப்பத்தில் தள்ளாடும். அகன்றால் டயர் மட்கார்டை உரசும்.

இரண்டாவது, உருண்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துவிடும் பெட்டி) முன்னே வரும் ஷாஃப்ட் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே உருண்டையும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போக வேண்டிவரும். அதற்கு வழியில்லை.

மூன்றாவது, போல்ட் அமைப்பு. பழைய ஜீப்புகளிலும் ஜிப்ஸியிலும் 5 போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். முன்னும் பின்னும் வெவ்வேறு அமைப்பு வந்துவிட்டால் ஒரு ஸ்டெப்னி போதாது.

நான்காவது, ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு). பலர் சறுக்குவது இங்கேதான். ஆகவே இதைத் தனியாகப் பார்ப்போம்.

ரேஷியோ பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

பழைய ஜீப், ஜிப்ஸி, தார் மூன்றிலும் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். பின்னால் 4.10, முன்னால் 4.27 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் சுமார் 4 சதவீதம். ஒரு கிலோமீட்டர் ஓடினால் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட ஏறத்தாழ 40 மீட்டர் குறைவாகப் போகப் பார்க்கும். அந்த 40 மீட்டரை டயர் தேய்ந்தோ பல்சக்கரம் உடைந்தோதான் ஈடுகட்ட முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஹவுசிங் திறந்திருந்தால் பல்லை எண்ணுங்கள். கிரவுனின் (பெரிய பல்சக்கரம்) பல்லைப் பினியனின் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) பல்லால் வகுத்தால் விடை. வில்லிஸ் ஜீப்பில் 43 பல், 8 பல், அதுதான் 5.38. திறக்காமல் பார்க்க வேண்டுமானால், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விடுவித்து, ஒரே ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் ரேஷியோ. லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இந்தக் கணக்கு. முன் ஆக்சிலில் பார்க்கும்போது ஹப் லாக் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

பட்டை ஸ்பிரிங்கா, காயிலா?

பட்டை ஸ்பிரிங் எடையையும் தாங்கும், ஆக்சிலை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகராமலும் பிடித்துக்கொள்ளும். பிராக்கெட் குறைவு, தப்பு நடக்கும் இடமும் குறைவு. காயில் ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்சிலைப் பிடிக்கத் தனியாக ஆர்ம்கள் வேண்டும். பக்கவாட்டில் ஓடாமலிருக்கப் பன்ஹார்ட் ராட் (ஆக்சிலைச் சேசிஸோடு குறுக்கே கட்டும் தண்டு) வேண்டும். சொகுசு கூடும், கணக்கும் கூடும். காயில் வேலை செய்து பழகாத பட்டறையில் காயிலைத் தொட வேண்டாம்.

ஸ்டியரிங் ஆடுகிறது என்கிறார்களே, ஏன்?

மாற்றம் செய்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. அறுபது, எழுபது வேகத்தில் ஒரு பள்ளம் இடித்ததும் ஸ்டியரிங் இடமும் வலமும் படபடவென்று அடிக்கும்; வண்டியை நிறுத்தும்வரை அடங்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பஸ் வரும்போது இது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் காரணம் கேஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்). சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் ஹேண்டிலைத் தளர்த்திப் பிடித்தாலும் அது நேராக ஓடுகிறது. இங்கும் அதே தத்துவம். ஜீப் வகை ஆக்சிலுக்குப் பொதுவாக 3 முதல் 6 டிகிரி வைப்பார்கள். ஷாஃப்ட்டின் கோணம் சரியாக வரவேண்டும் என்று ஆக்சிலைச் சுழற்றி வெல்டு வைத்தால் இந்தக் கோணம் குறைந்துவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும். இரண்டையும் சேர்த்து யோசிப்பவர்தான் நல்ல மெக்கானிக்.

இரண்டாவது காரணம் ஸ்டியரிங் இணைப்பு. ராக் அண்ட் பினியன் (பல் தண்டை இடவலமாக நகர்த்தும் ஸ்டியரிங்) சேசிஸில் நிலையாக இருக்கும். சாலிட் ஆக்சிலோ மேலும் கீழும் அலையும். இரண்டும் ஒத்துப்போகாது, ஸ்டியரிங் பாக்ஸும் டிராக் லிங்க்கும் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) புதிதாக வர வேண்டும். அந்த லிங்க் எவ்வளவுக்குக் கிடைமட்டமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. காயில் அமைப்பானால் அது பன்ஹார்ட் ராடுக்கு இணையாகப் போக வேண்டும். செங்குத்தாகச் சாய்ந்தால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும்.

மூன்றாவது, தேய்மானம்: கிங் பின், பால் ஜாயின்ட், வீல் பேரிங், புஷ். பழைய ஆக்சிலை மாட்டுமுன் இவற்றைப் புதிதாக்கிவிடுங்கள். பிறகு கழற்றினால் கூலி இரண்டு மடங்கு.

பிரேக்கும் ஷாஃப்ட்டும்?

ஆக்சில் மாறினால் பிரேக்கும் மாறும். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயின் அளவு புதிய காலிப்பருக்கோ டிரம்முக்கோ பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெடல் பஞ்சாக அமுங்கும், அல்லது முன்சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும். பிரேக் ஹோஸின் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது பார்த்தால் போதாது. சேசிஸைத் தூக்கி, ஆக்சில் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். ஹோஸ் விறைத்தால் அது மாற்றப்பட வேண்டும்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கடைசியாக அளக்க வேண்டும். ஸ்பிரிங் மாட்டி, எஞ்சின் எடை முழுவதும் இறங்கி, வண்டி தன் காலில் நின்ற பிறகு அளந்து, லேத்தில் வெட்டிப் பொருத்தி, பேலன்ஸ் செய்து வாங்குங்கள். முன்கூட்டியே அளந்தால் மறுபடி வெட்ட வேண்டிவரும்.

ஆக்சிலை எங்கே வாங்குவது?

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஆக்சில்கள் கிடைக்கும். ராணுவத்தில் ஓடி ஏலத்துக்கு வந்த ஜிப்ஸியிலிருந்து எடுத்தவையும் சந்தையில் வரும். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். திருட்டு வண்டியின் பாகம் உங்கள் வண்டியில் இருந்தால், தெரியாமல் வாங்கினேன் என்று காட்ட உங்களிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

பணம் கொடுக்குமுன் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் தூள் மின்னினால் பல் தேய்ந்திருக்கிறது. குழாய் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆக்சிலின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். அது மொத்தத்தில் ஒரு பகுதிதான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், யூ போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ், லிங்க்குகள், பேரிங்கும் சீலும், பிரேக் பாகங்கள், ஷாஃப்ட் வேலை, வெல்டிங் கூலி, அலைன்மென்ட் என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனியாக விலை வாங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்து பட்டறையிலேயே செடி முளைத்து நிற்கும் வண்டிகள் இந்தத் தாளை எழுதாதவர்களுடையவை.

பட்டறைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

இதற்கு முன் செய்த வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்க முடியுமா? கேஸ்டரை எதை வைத்து அளப்பீர்கள்? வெல்டு வைப்பதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சேசிஸின் மட்டம் பார்ப்பீர்களா? ஸ்டியரிங் தண்டுகளை வெட்டி ஒட்டுவீர்களா, முழுத் தண்டாகச் செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு "வெட்டி ஒட்டிடலாம்" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வேலை முடிந்த பிறகு?

முதலில் காலி மைதானத்தில் 20, 30 வேகத்தில் பிரேக்கையும் திருப்பத்தையும் சோதியுங்கள். சுமார் 100 கிலோமீட்டரிலும் பிறகு 500 கிலோமீட்டரிலும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிய ஸ்பிரிங் படிந்ததும் அவை தளர்வது இயல்பு. வெல்டு ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை வருமுன், ஆக்சிலின் பிரீதர் குழாயை (சூடான காற்று வெளியேறும் சிறு துளையில் மாட்டுவது) எஞ்சின் அறை உயரத்துக்கு நீட்டுங்கள். ஓடிச் சூடான ஆக்சில் ஏரித் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, தாழ்வான துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். இந்த வேலை எந்த ஃபோர் வீலுக்கும் நல்லது.

மாற்றாமலே வண்டியைத் தேற்ற முடியாதா?

பெரும்பாலானவருக்கு நான் சொல்வது இதுதான். டார்ஷன் பாரைக் கம்பெனி உயரத்துக்கு இறக்குங்கள். கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றி, ஜாயின்ட்டில் புதுக் கிரீஸ் வையுங்கள். புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் மூன்றையும் புதிதாக்குங்கள். நல்ல டயர் போட்டு, ஒரு கம்ப்ரசரும் இழுவைப் பட்டையும் வண்டியில் வையுங்கள். கடலோர ஓட்டத்துக்குப் பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆக்சில் மாற்றத்தைவிடப் பெரிதும் குறைந்த செலவில், ஆர்.சி.-க்கும் இன்சூரன்ஸுக்கும் பங்கமில்லாமல் வண்டி இளமையாகும்.

"இல்லை, எனக்குச் சாலிட் ஆக்சில்தான் வேண்டும்" என்றால், அதோடு பிறந்த வண்டியாகப் பாருங்கள். ஆர்.சி. ஒழுங்காக உள்ள ஜிப்ஸி, எம்.எம்.540, தார் டி.ஐ. ஃபோர் வீல் ஆகியவை பழைய சந்தையில் கிடைக்கின்றன. புதிதாக வேண்டுமென்றால் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங்கோடு சாலிட் ஆக்சில் தயாராகவே வருகிறது.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் ஆர்.சி.-யில் புதுப்பிப்புத் தேதியைப் பாருங்கள். இரண்டாவது, சேசிஸைத் தட்டிப் பாருங்கள். மூன்றாவது, ஆர்.டி.ஓ.-விடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். இந்த மூன்றும் முடியும்வரை புதுப்பேட்டையில் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.